சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

இன்னைக்கு சைதாப்பேட்டைன்னா மறைமலை அடிகள் பாலமும் மெட்ரோ ரயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். சுமார் 235 வருடங்களுக்கு முன் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் ஒரு தோட்டம் இருந்தது. மா, பலா, தென்னை எதுவும் முக்கியமில்லை. அங்கே கவனமாக வளர்க்கப்பட்டது சப்பாத்திக்கள்ளி. அதற்கு ஒரு மேற்பார்வையாளர், லண்டனோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் உண்டு. 'நோப்பல்ரி' என்று பெயர். மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளிக்கு நோப்பல் என்று பெயர். அதிலிருந்து வந்த சொல்.

வேலி ஓரத்தில் தானாக வளர்கிற செடிக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு? காரணம், சிவப்பு.

நான் தேசூர்க்காரன். எங்க வட்டாரத்துல ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளில் கலர் பெயர் ரொம்ப முக்கியம். அரக்கு, குங்குமம், மாம்பழம், ராமர் பச்சை, மயில் கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. இன்னொரு பக்கம், வீட்டு மொட்டை மாடியில் நான் தொட்டியில் வைத்திருக்கிற கள்ளிச்செடிகள். வேலை கம்ப்யூட்டரில் என்றாலும் மனசு இந்த ரெண்டிலும்தான். பட்டுக்கும் கள்ளிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. தேடத் தேட, சைதாப்பேட்டையில் ரெண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன.

எது கள்ளி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைச் சொல்லும்போது கள்ளி வருகிறது. அது நாம் இன்று 'கேக்டஸ்' என்று சொல்கிற செடி இல்லை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா என்ற வேறு குடும்பம். கிள்ளினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளினால் பால் வராது, வழவழப்பான நீர்தான் வரும். உண்மையான கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. மரத்தில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு வகை மட்டும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாகக் காணப்படுகிறது.

ஆக, நம்ம ஊர் வேலியில் நிற்கிற சப்பாத்திக்கள்ளி கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி வந்த விருந்தாளி. நாகதாளி என்று ஒரு பெயர், சப்பாத்துக்கள்ளி என்று இன்னொரு வடிவம். சப்பாத்து என்பது செருப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். வந்த செடிக்கு நம்ம ஆட்கள் பழைய 'கள்ளி'யையே குடும்பப் பெயராகக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

பூச்சியின் விலை

இந்தச் செடியின் மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். கொச்சினீல் பூச்சி. நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு. அந்தச் சிவப்பின் பெயர் கார்மினிக் அமிலம். செடியிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்வது இல்லை. பூச்சி தன் உடம்பில் தானே தயாரிப்பது. (சின்ன வயசுல நாகதாளிப் பழம் தின்னு நாக்கு சிவந்திருக்குமே, அது வேறு. அது பழத்தின் சொந்தச் சாயம். துணியில் நிற்காது. மழைக்காலத்தில் தரையில் ஓடும் சிவப்பு வெல்வெட் பூச்சியும், அதாவது தம்பலப்பூச்சியும், இதில்லை.)

மெக்சிகோவின் வஹாக்கா பகுதி மக்கள் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பூச்சியை வளர்த்துவந்தார்கள். பட்டு, கம்பளி மேல் இது ஏறுகிற மாதிரி ஐரோப்பாவின் பழைய சாயங்கள் ஏறவில்லை. படிகாரம் சேர்த்தால் ஒரு சிவப்பு, வெள்ளீய உப்பு சேர்த்தால் கண்ணைப் பறிக்கிற இன்னொரு சிவப்பு. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் சாயப்பொடிக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

எங்க ஊருக்குப் பக்கத்து வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்களே, அந்தக் காலத்து ஆங்கிலப் படையிலேயே சிவப்புக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

இந்தச் சிவப்புக்காக மற்ற நாடுகள் ஸ்பெயினிடம் காசு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1777ல் தியெரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் வஹாக்காவுக்குத் திருட்டுத்தனமாகப் போய், பூச்சியும் கள்ளியும் எடுத்துக்கொண்டு இன்றைய ஹெய்ட்டிக்கு வந்து சேர்ந்தார். தோட்டமும் போட்டார். 1780ல் அவர் இறந்துபோனார். அவர் கொண்டுவந்த நல்ல பூச்சியும் அதன் பின் நிலைக்கவில்லை. கவனிக்கத் தெரிந்தவர் ஒருத்தர்தான் இருந்தார். அவர் போனதும் முடிந்தது.

டாக்டர் ஆண்டர்சன்

இப்போ சென்னைக்கு வருவோம். ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738–1809) ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனியின் மருத்துவர், பிறகு மெட்ராஸின் தலைமை மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். செடி, பூச்சி, புழு எதைப் பார்த்தாலும் இதிலிருந்து ஒரு தொழில் வருமா என்று யோசிக்கிற ஆள். மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்க மெட்ராஸ் மாகாணம் முழுக்கக் கடிதம் எழுதித் தூண்டியவரும் இவர்தான். பட்டு நெய்கிற ஊர்க்காரனுக்கு இவர் கதை கூடுதலாக இனிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

1786 டிசம்பரில் அவர் லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மெட்ராஸில் ஒரு வகைப் புல்லில் சிவப்புச் சாறு உள்ள பூச்சி கிடைத்திருக்கிறது, இது கொச்சினீலாக இருக்கலாம் என்று. பேங்க்ஸ் அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர், க்யூ தோட்டத்தின் பின்னால் இருந்த மூளை. அந்தப் புல் பூச்சி கொச்சினீல் இல்லை என்று தெரியவந்தது. ஆனால் அந்தக் கடிதத்தால் ஆசை கிளம்பிவிட்டது. பூச்சி பிறகு வரட்டும், முதலில் அது உட்கார மெத்தையைப் போட்டு வைப்போம் என்று முடிவானது. க்யூவிலிருந்து கள்ளிச் செடிகள் கப்பலில் வந்தன. சைதாப்பேட்டையில் தோட்டம் உருவானது. ஆண்டர்சனின் உறவினர் டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி மேற்பார்வையாளர்.

பூச்சி இல்லாமல் கள்ளி மட்டும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு வேறு பயனும் தேடினார்கள். கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு இந்த மடல் நல்ல காய்கறி என்று கப்பல்களுக்குப் பரிந்துரைத்தார்கள். மெக்சிகோவில் இன்றைக்கும் முள் நீக்கிய இளம் மடலைப் பொரியல் மாதிரி சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அதனால் யோசனை ஒன்றும் தப்பில்லை.

1795ல் வந்த பூச்சி

1795ல் கேப்டன் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது, பூச்சி ஒட்டிய கள்ளிச் செடிகளை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். நீண்ட பயணத்தைத் தாண்டிக் கொஞ்சம் பூச்சிகள் உயிரோடு இருந்தன. தாவரவியல் தோட்டத்தில் விட்டார்கள், பெருகின. அங்கிருந்து மெட்ராஸுக்கும் வந்தன. ஆண்டர்சன் அதே வருடம் இதைப் பற்றி ஒரு புத்தகமே அச்சிட்டார். ஒன்பது வருடக் காத்திருப்பு.

ஆனால் வந்தது வேறு பூச்சி.

வஹாக்காவில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது டாக்டிலோபியஸ் காக்கஸ். உருவில் பெரியது, மேலே மாவு பூசின மாதிரி இருக்கும், சாயம் அதிகம். நீல்சன் கொண்டுவந்தது தென் அமெரிக்கக் காட்டுப் பூச்சி. சின்னது, உடம்பைச் சுற்றிப் பஞ்சு, சாயம் குறைவு. லண்டன் சந்தையில் இந்தியச் சரக்கு மட்டம் என்று பெயரெடுத்தது. பெயர் ஒத்துப்போகுதேன்னு ஒரு லைப்ரரியை இழுத்துப் போட்டு, ஓட்டிப் பார்த்ததும் முழிக்கிற மாதிரி. 1800 வாக்கில் நோப்பல்ரி மூடப்பட்டது. அங்கிருந்த செடிகளில் சில பெங்களூரு லால்பாகுக்குப் போயின.

இதில் ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. நல்ல பூச்சியே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? வஹாக்கா விவசாயி செய்த வேலைகளின் பட்டியல் இது: மடலை நட்டு இரண்டு மூன்று வருடம் காத்திருப்பது. பிறகு தாய்ப் பூச்சிகளைச் சின்னக் கூட்டில் வைத்து மடலில் பொருத்துவது. குஞ்சுகள் நகர்ந்து இடம் பிடிக்கும் வரை காவல். எதிரிப் பூச்சிகளை விலங்கின் வால்முடியால் துடைத்து எடுப்பது. மழைக்காலத்தில் பூச்சியோடு மடலை வெட்டிக் கூரைக்குள் வைத்துக் காப்பாற்றுவது, ஏனென்றால் நல்ல பூச்சிக்கு மழை ஆகாது. சுமார் 3 மாதத்தில் வளர்ந்த பெண் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தட்டி எடுத்து, வெந்நீரிலோ வெயிலிலோ அடுப்பிலோ கொன்று உலர்த்துவது. மெட்ராஸிலோ அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இடையில் புயல். செடியைக் கப்பலில் ஏற்றலாம், பூச்சியையும் ஏற்றலாம். இந்த வேலை தெரிந்த குடும்பங்களை யாரும் ஏற்றிவரவில்லை. கம்பெனிக் காகிதங்களில் கள்ளி ஒரு 'செடி', பூச்சி ஒரு 'சரக்கு'. நடுவில் இருந்த கை யாருடைய கணக்கிலும் இல்லை.

வேலியைத் தின்ற பூச்சி

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு தோற்றுப்போன தொழில் என்று விட்டுவிடலாம். ஆனால் பூச்சி போகவில்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவில் பரவலாக இருந்த சப்பாத்திக்கள்ளி, ஓபன்ஷியா மோனகாந்தா என்ற இனம். நீல்சனின் பூச்சிக்கு அது பிடித்த சாப்பாடு. வட இந்தியாவில் வேலி வேலியாகக் காய்ந்தது. சாயத்துக்கு ஆகாத பூச்சி களை ஒழிப்புக்கு ஆகும் என்று அப்போதுதான் ஆட்களுக்கு உறைத்தது. 1836–38ல் அதை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேற்றிடத்துக்குக் கொண்டுபோன முதல் நிகழ்வு என்று பூச்சியியலில் இதைச் சொல்வார்கள். பிறகு அது இலங்கைக்கும் போனது. அறிவியல் பெயர் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்: பிறந்தது தென் அமெரிக்கா, பெயரில் மட்டும் இலங்கை. 1910களில் ஆஸ்திரேலியா தன் கள்ளிப் பிரச்சினைக்கு மருந்து தேடி உலகம் சுற்றியபோது, இந்தப் பக்கம் வந்து இதே பூச்சியை எடுத்துக்கொண்டு போனது.

சரி, மோனகாந்தா ஒழிந்தது. நம்ம ஊர் வேலியில் நாம் பார்த்தது அப்போ எது? அது ஓபன்ஷியா டில்லேனி, மஞ்சள் பூவும் அடர் ஊதாப் பழமும் உள்ள இனம். பழைய பூச்சி இதைத் தொடாது. முன்னது காலி செய்த இடமும் சேர, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, வயல் வரப்பு எங்கும் இது பரவியது. மடல் ஒன்று உடைந்து விழுந்தால் போதும், அது ஒரு புதுச் செடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெரும் தலைவலி.

1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம், டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே, தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது டில்லேனியைத் தின்றது. ஐந்தாறு வருடங்களில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது என்ற எண், உயிரியல் கட்டுப்பாடு பற்றிய இந்தியக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டி தாத்தா தலைமுறை 'அப்பல்லாம் எங்க பாத்தாலும் சப்பாத்திக்கள்ளிதான்' என்று சொல்வதற்கும், இன்று நாம் அதை அங்கொன்று இங்கொன்றாகப் பார்ப்பதற்கும் நடுவில் இந்தப் பூச்சி இருக்கிறது.

கையில் இருந்த சிவப்பு

கம்பெனி இவ்வளவு தூரம் தேடின சிவப்பு, கிட்டத்தட்ட அதே மாதிரி, இங்கேயே இருந்தது. பட்டுக்கடையில் 'அரக்கு கலர் காட்டுங்க' என்று கேட்கிறோமே, அந்த அரக்கு ஒரு பூச்சியின் பொருள். கெர்ரியா லாக்கா என்ற பூச்சி, கொச்சினீலுக்குத் தூரத்துச் சொந்தம். இலந்தை, புரசு, பூமரம் போன்றவற்றின் கிளையில் கூட்டமாக ஒட்டிப் பிசினை உமிழும். பிசினிலிருந்து முத்திரை அரக்கு, பூச்சியின் உடம்பிலிருந்து சிவப்புச் சாயம். கொச்சினீல் சாயமும் அரக்குச் சாயமும் வேதியியலில் நெருங்கியவை. பருத்திக்கு நமக்குச் சாயவேர், பட்டுக்கு அரக்கு.

கம்பெனிக்கு இது தெரியாமலும் இல்லை. வங்காளத்தில் ஜேம்ஸ் கெர் என்பவர் அரக்குப் பூச்சியைப் பற்றி 1781லேயே ராயல் சொசைட்டிக்கு எழுதிவிட்டார். பூச்சியின் பெயரில் இருப்பது அவர்தான். சில வருடங்களில் வங்காளத்து அரக்குச் சாயம் கொச்சினீலுக்கு மாற்றாக இங்கிலாந்துக்குக் கப்பலேறத் தொடங்கியது. சைதாப்பேட்டை தோற்ற இடத்தில், ஏற்கெனவே ஒட்டவும் அறுக்கவும் தெரிந்த மக்கள் இருந்த தொழில் ஜெயித்தது.

அதுவும் ரொம்ப நாள் இல்லை. 1856ல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தார், 1868ல் அலிசரின் ஆய்வகத்தில் உருவானது. அதன்பின் அரக்கில் பிசின்தான் முக்கியம், சாயம் கழுவித் தள்ளும் கழிவு. இன்று நம் சாயப்பட்டறைகளில் அரக்கு என்ற பெயர் இருக்கிறது, பூச்சி இல்லை.

மெதுவான செடி

என் மாடியில் இருப்பது ஓபன்ஷியா இல்லை, உருண்டைக் கள்ளி. மெக்சிகோவின் கெரெத்தாரோ பக்கத்துச் செடி, பொன்னிறத்தில் முள் இருக்கும். ஏழு வருடத்தில் எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவுக்கு வந்திருக்கிறது. 'இது வளருதா இல்லையா?' என்று வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேட்பாங்க. பகலில் இலைத்துளைகளை மூடி, ராத்திரியில் மட்டும் திறந்து காற்றை வாங்கிச் சேமிக்கிற செடி இது. தண்ணீர் மிச்சமாகும், வளர்ச்சி மெதுவாகும். அதன் நிதானம் அதன் பிழைப்பு.

எங்க ஊர் மாதிரி இடத்தில் வளர்ப்பவர்களுக்கு நான் கடைப்பிடிக்கிற நாலு விஷயம். மண் தொட்டி, அடியில் ஓட்டை. பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் ஜல்லியும், மீதி மக்கின எரு. மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஷீட்டுக்கு அடியில் நகர்த்திவிடணும். வெயிலைவிட இந்த மழையில் வேர் அழுகித்தான் அதிகம் சாகும். அக்னி நட்சத்திர வெயிலில் சின்னச் செடிக்கு மட்டும் பச்சை வலை.

செடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் ஒரு ஈர்க்குச்சியால் நசுக்கிப் பாருங்க. ஓபன்ஷியாவில் கருஞ்சிவப்பாக வழிந்தால் கொச்சினீல். மற்ற தொட்டிச் செடிகளில் பெரும்பாலும் அது மாவுப்பூச்சியாகத்தான் இருக்கும், அந்தச் சிவப்பு வராது.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, கள்ளி மறுபடி அரசாங்கத் திட்டத்தில் வந்துவிட்டது. 2022லிருந்து மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், வறண்ட நிலங்களில் முள்ளில்லாக் கள்ளி நடுவதை ஊக்குவிக்கிறது. கால்நடைத் தீவனம், எரிவாயு என்று நல்ல நோக்கங்கள். நடப்போவது ஓபன்ஷியா ஃபைக்கஸ்-இண்டிகா. 2014ல் மொராக்கோவில் நுழைந்து அங்கே ஊர் ஊராக இதே கள்ளியைக் காய வைத்த பூச்சி டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே. அதாவது நாம் 1926ல் கொண்டுவந்து விட்ட இனம். அந்த இனத்துக்குள்ளேயே ஒரு வகை டில்லேனி உறவுக் கள்ளியையும், வேறு வகை ஃபைக்கஸ்-இண்டிகாவையும் விரும்புவதைத் தென்னாப்பிரிக்காவில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நம்மிடம் இருக்கிற பூச்சி புதுக் கள்ளியைத் தின்றுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. எந்த வகை இங்கே இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நடுவதற்கு முன் பார்க்கணும் என்றுதான் சொல்கிறேன். 1795ல் யாரும் பார்க்காமல் விட்ட விஷயமும் அதுதானே: பெயருக்குள் எந்தப் பூச்சி என்பது.

டாக்டர் ஆண்டர்சனுக்குச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிரான்சிஸ் சான்ட்ரி செதுக்கிய சிலை இருக்கிறது. சைதாப்பேட்டைத் தோட்டத்தில் மடல் நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களின் பெயர் நான் படித்த எதிலும் வரவில்லை. உங்க ஊரில் நாகதாளி இன்னும் நிற்கிற வேலி இருந்தால், மடலின் அடிப்பக்கம் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்க. இருந்தால், அந்தப் பூச்சி 1926ல் இலங்கையிலிருந்து வந்த கூட்டத்தின் வாரிசாக இருக்க வாய்ப்பு அதிகம்.